வள்ளலின் இடது கை

விசாரணைக் குழுவினருக்கு வணக்கம். முதலில் ஒரு சின்ன வேண்டுகோள். இதைப் படிக்கும்போது தேநீர்க் கோப்பையை இந்தத் தாளின் மேல் வைக்க வேண்டாம். தாள் கொஞ்சம் சொரசொரப்பானது, ஈரத்தைச் சட்டென்று இழுத்துக்கொள்ளும். அலுவலகத்தில் வெள்ளைத் தாள் தீர்ந்துவிட்டது என்று எழுத்தர் சொன்னதால், என் பிரிவில் கிடந்த பழுப்புத் தாளில் எழுதுகிறேன். அங்கங்கே தெரியும் கரும்புள்ளிகளைப் பொருட்படுத்த வேண்டாம். கையெழுத்து நன்றாகவே இருக்கும். பத்தொன்பது வருடம் பதிவேடு எழுதிய கை இது.

நீங்கள் கேட்டது ஒரே கேள்வி. விழா அன்று பெரிய கூண்டில் இருந்த கொசுக்களை மாற்றி வைத்தது யார்? நான்தான். ஒரு வரியில் வேலை முடிந்துவிட்டது. ஆனால் உங்கள் கடிதத்தில் ‘நடந்ததை நடந்தபடி, காரணங்களோடு விரிவாக எழுதுக’ என்று இருக்கிறது. மேலிடத்தில் சொல்லி நான் எதையும் தட்டியதில்லை. விரிவாகவே எழுதுகிறேன்.

உங்களில் ஒருவர் வெளியிலிருந்து வந்தவர் என்பதால் எங்கள் இடத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கொசுவும் உண்ணியும் பரப்புகிற புதுப்புது வைரஸ்களை ஆராய்வது எங்கள் நிறுவனத்தின் வேலை. மூன்று கதவுகளுக்கு உள்ளே ஒரு அறை இருக்கிறது. நோயுள்ள கொசுக்கள் அங்கேதான். அதற்குள் போகிறவர்கள் தலை முதல் கால் வரை மூடிக்கொண்டு போவார்கள். என் அறைக்கு ஒரே கதவு. என்னிடம் இருப்பவை தலைமுறை தலைமுறையாக இங்கேயே பிறந்து வளர்ந்த, எந்த நோயும் இல்லாத கொசுக்கள். சைவம் என்று சொல்ல முடியாது. சுத்தம் என்று சொல்லலாம். பதிவேட்டில் அவற்றின் பெயர் ‘வரிசை நான்கு’. நான் நாலாம் வம்சம் என்பேன்.

இந்த வாக்குமூலத்துக்குத் தேவையான கொசு ஞானம் கொஞ்சம்தான். பெண் கொசு ரத்தம் குடிக்கும், குடித்தால்தான் முட்டை வைக்கும். ஆண் கொசு கடிக்கவே கடிக்காது. பஞ்சில் நனைத்து வைத்த சர்க்கரைத் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு காலத்தை ஓட்டும் சாது அது. இரண்டையும் பார்த்தவுடன் பிரித்துவிடலாம். ஆணுக்குத் தலையில் இறகுபோல அடர்ந்த கொம்புகள் இருக்கும், நான் மீசை என்பேன். பெண்ணுக்கு அது இல்லை. இது தெரிந்தால் போதும், இந்த விசாரணையில் வேறு எதுவும் தெரிய வேண்டியதில்லை.

பெண் கொசுக்களுக்கு ரத்தம் கொடுக்க விதிப்படி ஒரு சீமைப்பெருச்சாளி, அதாவது கினிப்பன்றி, உண்டு. நான் வேலைக்குச் சேர்ந்த மாதம் அது இறந்துபோனது. புதிது கேட்டு எழுதினோம். அனுமதி வரும்வரை தற்காலிகமாக என் கையைக் கூண்டுக்குள் விட்டேன். அனுமதி இன்னும் வரவில்லை. ஒரு கூண்டுக்கு ஏழு நிமிடம். கூண்டு வாயில் சட்டைக் கைபோல ஒரு துணிக்கை தைத்திருக்கும், அதற்குள் கையை நுழைத்து அசையாமல் வைத்திருக்க வேண்டும். வலது கை பதிவேடு எழுதும், இடது கை உள்ளே இருக்கும். தன் கையே தனக்கு உதவி என்பார்கள். என் கை ஒன்பது கூண்டுக்கு உதவியது. நிறுவனத்தில் எனக்கு வள்ளல் என்று பெயர் வைத்தார்கள். கேலிதான். ஆனால் பத்தொன்பது வருடம் கேலி செய்தால் அது பட்டமாகிவிடுகிறது.

இதைப் பாசம் என்று யாரும் தவறாக நினைத்துவிடக் கூடாது. நான் விஞ்ஞான நிறுவனத்தில் வேலை செய்கிறவன். என் மனைவி மட்டும் இதை ஒப்புக்கொள்வதில்லை. “ஏங்க, எம் பக்கத்துல ஒரு நாளாவது ஏழு நிமிஷம் இப்படி அசையாம உக்காந்திருக்கீங்களா?” என்று கேட்பாள். நியாயமான கேள்விதான். அவள் வீட்டுக்குக் கொசு அடிக்கும் மட்டை வாங்கி வந்தபோது நான் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்பதையும் அவள் சாட்சியாகச் சொல்லக்கூடும். அது வயிற்றுக் கோளாறு. அதே போல, தலைவலித்தால் நான் மாத்திரை போட்டுக்கொள்வதில்லை. மாத்திரை ரத்தத்தில் கலக்கும், சின்ன வயிறுகளுக்கு ஆகாது. மாமனார் தவறிய அன்று ஒன்பது கூண்டையும் முடித்துவிட்டு மதியத்துக்கு மேல்தான் போனேன். அவரால் காத்திருக்க முடிந்தது.

போன வருடம் புது இயக்குநர் வந்தார். நல்லவர், சுறுசுறுப்பானவர். எல்லா அறைகளையும் சுற்றிப் பார்த்துவிட்டு என் அறைக்கு வந்தார். நான் கையைக் கூண்டுக்குள் விட்டபடியே எழுந்து நின்று வணங்கினேன். அவர் முகம் கொஞ்சம் மாறியது. இது கற்காலம் என்றார். இரண்டு மாதத்தில் ஒரு இயந்திரம் வந்து இறங்கியது. கண்ணாடிக் கிண்ணம், அதைச் சுற்றி வெந்நீர்க் குழாய், உள்ளே கசாப்புக் கடையிலிருந்து வாங்கிய ரத்தம், அடியில் தோல்போல் இழுத்துக் கட்டிய மெல்லிய சவ்வு. கூண்டின் மேல் வைத்தால் கொசு கீழிருந்து சவ்வைக் குத்திக் குடித்துக்கொள்ளும்.

“வள்ளல், இனிமே உங்க கைக்கு ஓய்வு” என்றார் இயக்குநர். என் தோளில் தட்டியும் கொடுத்தார்.

நான் சரிங்க சார் என்றேன். அன்று மாலை வீட்டுக்குப் போய் இடது கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அது யாரோ விட்டுவிட்டுப் போன சாமான்போல மடியில் கிடந்தது. எனக்கு அழுகை வந்தது என்பதை எழுதுவதில் தவறில்லை. வேலை போகிறது என்றால் யாருக்கும் வரும்.

மறுநாள் நான் செய்தது மிகச் சிறிய காரியம். இயந்திரத்தின் கீழே வைக்க வேண்டிய ஒன்பது கூண்டிலும் ஆண் கொசுக்களாகப் பார்த்து நிரப்பினேன். கூட்டுப்புழுவாக இருக்கும்போதே ஆண் சின்னதாக, பெண் பெரிதாக இருக்கும், பிரிப்பது எளிது. அந்தக் கூண்டுகளில் ‘பெண்’ என்று சீட்டு ஒட்டினேன். பெண் கொசுக்களை எல்லாம் என் நாற்காலிக்குப் பின்னால் இருக்கும் பின்னலமாரிக்கு மாற்றி ‘ஆண்’ என்று ஒட்டினேன். பொய் என்று பார்த்தால் அந்தச் சீட்டுகள் மட்டும்தான். ஒரு வாரம் இயந்திரத்தில் கொசு குடிக்காது, இயக்குநர் அதைத் திருப்பி அனுப்பிவிடுவார், என் கை பழையபடி வேலைக்குப் போகும். யாருக்கும் நட்டமில்லாத ஏற்பாடு என்றே நினைத்தேன்.

எதிர்பார்த்தபடி ஒரு கொசுவும் குடிக்கவில்லை. இயந்திரம் விற்றவர்கள் ஒரு பொறியாளரை அனுப்பினார்கள். அவர் வெந்நீரின் சூட்டைக் கூட்டினார், குறைத்தார். ஆட்டு ரத்தத்தை மாற்றி மாட்டு ரத்தம் வைத்தார். அதற்குப் பிறகு பன்றி ரத்தம். மனித வாசனை வேண்டும் என்று சொல்லி, என் பழைய காலுறை ஒன்றை வாங்கிக் கண்ணாடிக் கிண்ணத்துக்கு மாட்டிவிட்டார். ஆண் கொசுக்கள் அதன் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்தக் காலுறை இன்றுவரை எனக்குத் திரும்பி வரவில்லை என்பதையும் குழு குறித்துக்கொள்ள வேண்டும்.

மீசையை ஒருவரும் கவனிக்கவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் பூச்சியியல் வல்லுநர் ஓய்வு பெற்று மூன்று வருடமாகிறது. அந்த நாற்காலி காலியாகவே இருக்கிறது. மற்ற விஞ்ஞானிகள் எல்லாரும் வைரஸ்காரர்கள். அவர்களுக்குக் கொசு என்றால் சின்னக் குழாயில் அரைத்து வந்த சாந்து. கொசுவை உயிரோடு தினமும் பார்க்கிறவர்கள் அந்தக் கட்டடத்தில் இரண்டே பேர், நானும் துப்புரவு அக்காவும். அக்கா பார்த்தவுடன் அடித்துவிடுவார்.

இந்த இடத்தில் டாக்டரம்மா வருகிறார். புது வைரஸ் தேடுவது அவர் வேலை. காய்ச்சல் என்று போனால் மருந்து தரத் தெரியாத டாக்டர், ஆராய்ச்சி செய்து வாங்கிய பட்டம். ஆறு வருடமாகத் தேடினார். வெள்ளைத் துணியைப் புதர்மேல் இழுத்துக்கொண்டு போய், அதில் ஒட்டிய உண்ணிகளை இடுக்கியால் பொறுக்குவார். குட்டைகளின் ஓரம் கொசுப்பொறி வைப்பார். எல்லாவற்றையும் அரைத்துப் பார்ப்பார். கிடைப்பதெல்லாம் ஏற்கெனவே யாரோ பெயர் வைத்துவிட்ட வைரஸாகவே இருக்கும். இந்த வருடத்தோடு அவர் ஒப்பந்தம் முடிகிறது, ஏதாவது கண்டுபிடித்தால்தான் நீட்டிப்பார்கள். அவருடைய அப்பா தினமும் மதியம் போன் செய்து, “கிடைச்சுதாம்மா?” என்று கேட்பார், சாவியைத் தொலைத்துவிட்ட பெண்ணிடம் கேட்பதுபோல. டாக்டரம்மா என்னை அண்ணா என்று கூப்பிடுவார். என் அறை வழியாகப் போகும்போதெல்லாம் கையில் இருக்கும் ஆரஞ்சில் பாதியை என் மேசையில் வைத்துவிட்டுப் போவார். ரத்தம் ஊற வேண்டும் அல்லவா என்பார். அந்த நிறுவனத்தில் என் ரத்தத்தைப் பற்றிக் கவலைப்பட்ட ஒரே மனிதர் அவர்.

இயந்திரத்தில் கொசு குடிக்காத செய்தி அவர் காதுக்குப் போனது. வந்து ஐம்பது கொசுக்களை வாங்கிக்கொண்டு போனார். நான் எண்ணித்தான் கொடுத்தேன். பத்து நாள் கழித்து ஓடி வந்தார். அந்தச் சாந்தில் இதுவரை யாரும் பார்த்திராத வைரஸ் ஒன்று இருந்தது. புது வைரஸ் ஒரு பக்கம், ரத்தமே வேண்டாம் என்கிற கொசு இன்னொரு பக்கம். இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட ஆறு வருடம் காத்திருந்தவருக்கு எவ்வளவு நேரம் ஆகும்? கொசுவின் ரத்தப் பசியைக் கொல்கிற வைரஸ் என்று முடிவுக்கு வந்தார். அதைப் பரப்பிவிட்டால் போதும், உலகத்தில் கொசுக்கடியே இருக்காது, கடியில்லை என்றால் கொசுவால் வரும் காய்ச்சல்கள் ஒன்றுமே இருக்காது.

பிறகு எனக்குத் தெரிந்த விஷயம், அந்த மாதிரி ஆபத்தில்லாத வைரஸ் எத்தனையோ கொசுக்களின் உடம்பில் சும்மா குடியிருக்கும். என் பின்னலமாரிப் பெண் கொசுக்களை அரைத்திருந்தாலும் அதே வைரஸ்தான் கிடைத்திருக்கும். ஆனால் அந்தக் கூண்டுகளில் ‘ஆண்’ என்று சீட்டு இருந்தது. ஆண்களை யார் கண்டுகொள்கிறார்கள்?

டாக்டரம்மா கவனக்குறைவானவர் அல்ல, அதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. “அண்ணா, கடிக்கிற கொசு ஏதாவது மிச்சம் இருக்கா?” என்று கேட்டார். பின்னலமாரி என் முதுகுக்குப் பின்னால் ஒரு முழத்தில் இருந்தது. நான் இல்லைங்க என்றேன்.

அன்றே அவர் தன் கையைக் கூண்டுக்குள் விட்டுப் பார்த்தார். சுற்றிலும் இருநூறு ஆண் கொசுக்கள் பறந்தன. ஏழு நிமிடத்தில் ஒரு கடியும் இல்லை. அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கையை வெளியே எடுக்க மனமில்லாமல், அப்பாவுக்குப் போன் போட்டுத் தரச் சொன்னார். எண்களை அழுத்தி அவர் காதில் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். “கிடைச்சிருச்சுப்பா” என்றார். அந்தப் பக்கம் பெரியவர் என்ன சொன்னார் என்று எனக்கும் கேட்டது. எழுத வேண்டாம் என்று பார்க்கிறேன். எனக்கும் சந்தோஷமாகவே இருந்தது. அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்க நான் யார்?

அவர் அதோடு நிற்கவில்லை. பத்தொன்பது வருடம் இந்த வம்சத்தை வளர்த்தவர் பெயரைத்தான் வைக்க வேண்டும் என்று சொல்லி, வைரஸுக்கு வள்ளல் வைரஸ் என்று பெயர் சூட்டினார். வேண்டாமே என்று நான் ஒரு முறை சொன்னேன். ஒரு முறைக்கு மேல் சொன்னால் அது அடக்கமாக இருக்காது.

இடையில் இன்னொரு அதிசயமும் சேர்ந்துகொண்டது. ரத்தம் குடிக்காத கொசுக்கள் முட்டை மட்டும் தவறாமல் வைத்தன. நான்தான் ஆள் இல்லாத நேரத்தில் பின்னலமாரிப் பெண்களுக்குக் கை கொடுத்து, அவற்றின் முட்டைத் தாள்களைக் கொண்டுவந்து வழக்கமான இடத்தில் வைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் முறை இதுதான்: தண்ணீர்க் கிண்ணத்துக்குள் சொரசொரப்பான பழுப்புத் தாளைச் சுற்றி வைப்போம், கொசு அதில் நீர் தொடும் ஓரமாக முட்டையிடும். தாளை உலர்த்தி அலமாரியில் வைத்துவிடலாம். ஆறு மாதம்வரை ஒன்றும் ஆகாது. தேவைப்படும்போது தண்ணீரில் போட்டால் சில மணி நேரத்தில் குஞ்சு பொரிந்துவிடும். ‘ரத்தமின்றி முட்டையிடும் முதல் கொசு’ என்று இதையும் டாக்டரம்மாவின் கட்டுரையில் சேர்க்கச் சொன்னார் இயக்குநர். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். பக்கத்தில் இருப்பவர்கள் சோற்றையே பார்க்காதவர்களாக இருந்தால் முடியும்.

விழாவுக்கு நாள் குறித்தார்கள். அரசாங்கத்தில் மிகப் பெரியவர் ஒருவர் தலைமை விருந்தினர். அரங்கின் நடுவே எட்டுத் துணிக்கை வைத்த பெரிய கூண்டு. ஏழு பிரமுகர்கள் எல்லார் முன்னாலும் கையை உள்ளே விட, ஒரு கொசுவும் கடிக்காது. நான் அதற்கும் மனதைத் தயார் செய்துவிட்டேன். ஆண் கொசுக்களே இருந்திருந்தால் விழா சிறப்பாக நடந்து முடிந்திருக்கும்.

விழாவுக்கு ஐந்து நாள் முன்பு எனக்கு ஒரு கடிதம் வந்தது. வரிசை நான்குக்கு இனி ரத்தம் தேவையில்லை என்று நிரூபணமாகிவிட்டதால் இயந்திரம் திருப்பி அனுப்பப்படுகிறது. அதே காரணத்தால் என் பணியிடமும் நீக்கப்படுகிறது. விழாவுக்கு மறுநாள் முதல் நான் பதிவறைக்குப் போக வேண்டும். பதிவறை என் அறைக்கு அடுத்த அறை, பழைய கோப்புகள் அடுக்கிய இடம். கூரை ஒழுகும். அந்த ஒழுகல் சுவர் வழியாக என் அலமாரிக்கு வந்து முட்டைத் தாள்களை நனைக்கிறது என்று ஏழு முறை மனுக் கொடுத்திருக்கிறேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பது இதுதான். இயந்திரத்தைத் துரத்தினேன். என் கையும் சேர்ந்து போனது.

இனி நான் செய்ததில் சிக்கலே இல்லை. கொசுவுக்கு ஒரு கை வேண்டும் என்பது விஞ்ஞான உண்மை. அந்த உண்மையை எல்லாரும் மறந்துவிட்டார்கள். உண்மையை மேடையில் வைப்பது என் கடமை என்று எடுத்துக்கொண்டேன். பின்னலமாரியிலிருந்து அறுநூறு பெண் கொசுக்களைப் பெரிய கூண்டுக்கு மாற்றினேன். நான்கு நாள் கை கொடுக்கவில்லை. அந்த நான்கு நாளும் எனக்குக் கொடுமையாக இருந்தன. நான் நடந்தால் கொசுக்கள் எல்லாம் நான் போகும் பக்கமாக வந்து வலையில் ஒட்டிக்கொண்டு நிற்கும். இடது கையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நடந்தேன். சாப்பாடு இறங்கவில்லை. பழைய வயிற்றுக் கோளாறுதான்.

விழா காலை பத்து மணிக்குத் தொடங்கியது. அரங்கில் நூற்றிருபது பேர். நான் கூண்டுக்குப் பக்கத்தில், நல்ல சட்டை போட்டுக்கொண்டு நின்றேன். இயக்குநர் பேசினார், டாக்டரம்மா பேசினார். டாக்டரம்மாவின் அப்பா முதல் வரிசையில் இருந்தார். பிறகு ஏழு பேரும் சட்டைக் கையை மடக்கிவிட்டுக்கொண்டு கூண்டைச் சுற்றி நின்றார்கள். தலைமை விருந்தினர் படம் நன்றாக வரட்டும் என்று, பக்கத்தில் இருந்தவரை நகர்த்திவிட்டு இரண்டு கையையும் உள்ளே விட்டார். எட்டாவது துணிக்கையில் டாக்டரம்மாவும் ஒரு கையை விட்டார்.

முதல் மூன்று வினாடி ஒன்றும் நடக்கவில்லை. என் கொசுக்கள் நாகரிகமானவை, முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் உட்காரும். அதற்குப் பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. யாரும் கையை எடுக்கவில்லை. இவை கடிக்காது என்று இயக்குநர் இப்போதுதான் உலகத்துக்கே சொல்லியிருந்தார். தனக்கு மட்டும்தான் கடிக்கிறது என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது. எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தபடி நின்றார்கள். தலைமை விருந்தினர் பல்லைக் கடித்துக்கொண்டு “அற்புதம்” என்றார். இயக்குநரும் அற்புதம் என்றார், அவர் நெற்றியில் வேர்த்திருந்தது. புகைப்படக்காரர் எல்லாரும் இன்னொரு தடவை இப்படிப் பாருங்க என்றார். பார்த்தார்கள். நாற்பது வினாடி தாங்கினார்கள், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். முதல் தடவைக்கு அது மோசமில்லை.

நாற்பத்தோராவது வினாடியில் தலைமை விருந்தினர் இரண்டு கையையும் ஒரே இழுப்பாக இழுத்தார். துணிக்கைகள் இரண்டும் அவர் கையோடு வந்துவிட்டன. கூண்டில் இரண்டு பெரிய ஓட்டை. நிகழ்ச்சி நிரலில் அடுத்ததாக இருந்தது தேநீர் இடைவேளை. என் தரப்புக்கு அது கொஞ்சம் முன்னதாகவே தொடங்கியது. கதவுகள் குளிரூட்டிக்காகச் சாத்தியிருந்தன. யாருக்கும் ஒரு நோயும் வராது என்று நான் சத்தமாகச் சொன்னேன், கேட்கும் நிலையில் யாரும் இல்லை. இயக்குநர் தன் உரையைச் சுருட்டித் தன் கழுத்திலேயே அடித்துக்கொண்டிருந்தார்.

டாக்டரம்மா மட்டும் கையை எடுக்கவே இல்லை. குனிந்து, தன் மணிக்கட்டில் உட்கார்ந்து குடித்துக்கொண்டிருந்த கொசுவை மிக நெருக்கமாகப் பார்த்தார். பிறகு வலையில் ஒட்டியிருந்த இன்னொன்றை, அதற்குப் பிறகு இன்னொன்றை. மீசை இல்லை. தன் கையில் ஏழு நிமிடம் உட்காராதவை எப்படி இருந்தன என்று அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அவர் கையில் பதினான்கு பேர் இருந்தார்கள், ஒருவரையும் அடிக்கவில்லை. முதல் வரிசையில் அவர் அப்பா சொறிந்துகொண்டே, இதுவும் ஆராய்ச்சியில் ஒரு கட்டம் என்று நினைத்துக் கைதட்டிக்கொண்டிருந்தார்.

கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். டாக்டரம்மாவின் ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை. வெண்ணெய் திரளும் நேரத்தில் தாழியை உடைத்தது நான் என்று எனக்குத் தெரியும், அதை யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவர் பெட்டி கட்டிக்கொண்டு போகும்போது என் அறை வாசலில் நின்றார். கையில் ஆரஞ்சு இல்லை.

“அண்ணா, அன்னைக்கு என் காதுல போனைப் பிடிச்சிக்கிட்டு நின்னீங்களே. அப்பவே சொல்லியிருக்கலாமே.”

“சொல்லலாம்னுதாங்க இருந்தேன். உங்க அப்பா அவ்வளவு சந்தோஷமாப் பேசினார்.”

“உங்க கை கொஞ்சம்கூட நடுங்கலையே அண்ணா.”

“பழக்கம்ங்க. கையை அசைக்காம வெச்சிருக்கிறதுதானே என் வேலை.”

அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அவரை நினைத்தால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. அவருக்குப் பதில் வேறு யாராவது அந்த வைரஸைக் கண்டுபிடித்திருக்கலாம்.

வரிசை நான்கு முழுவதையும் அழித்துவிட இயக்குநர் உத்தரவிட்டார். எங்கள் முறைப்படி கூண்டோடு குளிர்பெட்டியில் வைத்துவிட வேண்டும். வேறு யாரையும் தொடவிடாமல் நானே தூக்கிக்கொண்டு போய் வைத்தேன், ஒவ்வொன்றாக. கண்ணில் தண்ணீர் வந்தது. குளிர்பெட்டிக்கு அவ்வளவு பக்கத்தில் நின்றால் யாருக்கும் வரும். உத்தரவில் கூண்டுகளைப் பற்றித்தான் இருந்தது. அலமாரியைப் பற்றி எதுவும் இல்லை.

எதையும் மறைக்காமல் எழுதச் சொல்லியிருக்கிறீர்கள். எனவே இதையும் எழுதிவிடுகிறேன். வெள்ளைத் தாள் தீர்ந்துவிட்டது என்று எழுத்தர் சொல்லவே இல்லை. இப்போதும் என் எதிரே மேசையில் ஒரு கட்டு இருக்கிறது. தாளில் நீங்கள் காணும் கரும்புள்ளிகள், பக்கத்துக்கு ஏறக்குறைய எண்பது, நாலாம் வம்சத்தின் கடைசி முட்டைகள். தேநீரைப் பற்றி முதலிலேயே சொன்னது அதற்காகத்தான். சூடும் சர்க்கரையும் அவ்வளவு சின்ன உயிர்களுக்கு ஆகாது.

எரித்துவிடலாம் என்று உங்களுக்குத் தோன்றும். எரித்தால், நான் ஒப்புக்கொண்டதற்கு வேறு சான்று கிடையாது. கையொப்பமிட்ட மூல வாக்குமூலத்தைப் பத்து வருடம் பதிவறையில் பாதுகாக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. மழைக்கு இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. முட்டை ஆறு மாதம் தாங்கும். கூரையைப் பற்றி எட்டாவது மனு கொடுக்கும் எண்ணம் எனக்கு இல்லை.

தண்டனையாக என்னைப் பதிவறைக்கே அனுப்பினால் மறுக்க மாட்டேன். அந்த இடமாற்றக் கடிதம் இன்னும் என் பையில்தான் இருக்கிறது. வேலையை விட்டே நீக்குவதாக இருந்தால், அதுவும் உங்கள் விருப்பம், நான் வருத்தப்படப் போவதில்லை. அவற்றின் மேல் எனக்குத் தனிப்பட்ட பற்று எதுவும் இல்லை என்று மேலேயே எழுதியிருக்கிறேன். மழைக்குப் பிறகு இந்தக் கோப்பை எடுக்கப் போகிறவர் யாராக இருந்தாலும், அவரிடம் ஒன்று மட்டும் சொல்லி வையுங்கள். இடது கையை நீட்டட்டும், ஏழு நிமிடம் அசைக்காமல். வலது கை அவற்றுக்குப் பழக்கமில்லை.